முடிச்சவிழ்க்கி ஹபீபுல்லா

சைக்கிளைப் புல்லில் சாய்த்துப் போட்டுவிட்டு ஹபீபுல்லா மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். பொன்மலைக்குப் போகும் ரயில் பாதையின் சரிவு. பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாரிசாரியாகச் சைக்கிளில் கடக்கிறார்கள். பழக்கப்பட்டவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் பிரேக் பிடித்து, "என்ன பாய், காசு விழுந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள்.

"புத்தி விழுந்துடுச்சுங்க. இங்கதான் எங்கயோ கெடக்குது" என்று தலை நிமிராமல் பதில் சொல்கிறார்.

களைக்கொத்தால் ஒரு கொழிஞ்சிச் செடியைச் சுற்றி மண்ணைத் தளர்த்துகிறார். கொழிஞ்சியை அவசரப்பட்டு இழுத்தால் தண்டு மட்டும்தான் கையோடு வரும். அதனால் பல் பிடுங்குகிறவர் போல அசைத்து அசைத்து, வேரோடு எடுத்து, மண்ணை உதறுகிறார். வேரில் கடுகு கடுகாய், சில இடங்களில் மிளகளவுக்கு உருண்டைகள். ஒன்றைக் கிள்ளி இடது கைப் பெருவிரல் நகத்தின்மேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து பாதி பிளேடை எடுத்து இரண்டாக நறுக்குகிறார். உள்ளே பச்சைக் குழந்தையின் ஈறு நிறம்.

"அவங்க நல்லா இருக்காங்க" என்று சொல்லிக்கொள்கிறார்.

'அவங்க' என்று அவர் சொல்வது அந்த உருண்டைக்குள் லட்சக்கணக்கில் குடியிருக்கும் நுண்கிருமிகளை. காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. பதிலுக்குச் செடி அவற்றுக்கு இருக்க இடமும் தின்ன இனிப்பும் கொடுக்கிறது. வெட்டிப் பார்க்கும்போது சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் உள்ளே இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்து தின்கிறார்கள். இதைக் குடியானவர்களுக்குப் புரியவைக்க ஹபீபுல்லாவிடம் ஒரு வழி உண்டு. "வீட்டோட மாப்பிள்ளைன்னு வச்சுக்குங்க. நான் இல்லியா, அந்த மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம், அவங்க சம்பாதிச்சுப் போடுறாங்க."

அது உண்மை. பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமனார் அப்துல் மாலிக்கின் வீட்டு மாடியில்தான் அவருக்குக் குடித்தனம். விவசாய இலாகாவில் ஃபீல்டுமேன். திருவானைக்காவல் டிப்போவில் விதை மூட்டைகளுக்கும் உர மூட்டைகளுக்கும் நடுவே ஒரு மேஜை அவருடையது. காக்கிக் கால்சட்டையின் முழங்கால்கள் இரண்டிலும் எந்த சவுக்காரத்துக்கும் போகாத மண்கறை. "தொழுகைத் தழும்பு நெத்தியில இருக்கணும். நமக்கு முழங்கால்ல இருக்கு" என்பார்.

மனைவி ரோஷன் பேகத்துக்கு ஒரே ஒரு குறை. "இருபத்திரண்டு வருஷமா என்னைய 'ஏ, இந்தா'ன்னுதான் கூப்பிடுறாரு. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு 'ங்க' போட்டுப் பேசுறாரு. நானும் செடியோட வேர்ல போயி ஒட்டிக்கிட்டாத்தான் மரியாதை கிடைக்கும்போல."

'முடிச்சவிழ்க்கி' என்ற பட்டப்பெயரை ஊர் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். வேரிலுள்ள உருண்டைகளுக்கு வேர்முடிச்சு என்று இலாகாவின் துண்டுப் பிரசுரம் பெயர் கொடுத்திருந்தது. குடியானவர்களின் முதல் கூட்டத்திலேயே, "மத்த முடிச்சவுக்கிங்களை போலீசு புடிக்கும். எனக்கு சர்க்கார் சம்பளம் கொடுக்குது" என்று அவர் ஆரம்பித்தார். மக்கள் மற்றதையெல்லாம் மறந்துவிட்டு அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஐம்பத்திரண்டில், கோயம்புத்தூர்ப் பயிற்சியில். வரிசையில் நின்று மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார். கறுப்புக் கறுப்பாய்க் கம்பிகள் தெரிந்தன. பரவசத்தோடு நோட்டில் வரைந்து நீட்டினார். பார்த்த அதிகாரி, "இது உம்ம கண் இமையய்யா" என்றார். இந்தக் கதையை ஹபீபுல்லா சொல்லாத கூட்டமில்லை. சொல்லாமல் விடுவது அதற்குப் பிறகு நடந்ததை. எல்லோரும் சாப்பிடப் போன பின் அவர் தனியாகத் திரும்பி வந்து மறுபடி கண்ணை வைத்தார். இந்தத் தடவை குட்டையாய், குச்சி குச்சியாய், சில ஆங்கில ஒய் எழுத்துப் போல் கிளைத்து, நிஜமாகவே அவர்கள் இருந்தார்கள். அன்று மதியச் சாப்பாடு அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கே காட்டுச் செடி கண்டாலும் இறங்கிவிடுவார். கொழிஞ்சி, நரிப்பயறு, தொட்டாற்சுருங்கி எதையும் விடுவதில்லை. ஸ்ரீரங்கத்தில் வெளிமதில் ஓரமாக அவர் தோண்டிக்கொண்டிருந்தபோது, பஞ்சகச்சம் உடுத்திய ஒரு பெரியவர் நின்று, "இது எந்த வியாதிக்கு மூலிகை, ஸ்வாமி?" என்று பணிவாகக் கேட்டார். "பைத்தியத்துக்குங்க. இன்னும் குணம் தெரியல" என்றார் ஹபீபுல்லா. பெரியவர் தலையாட்டிவிட்டு, தமக்கும் ஒரு பிடி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டிலும் ஆராய்ச்சி நடந்ததுண்டு. ஒருமுறை முடிச்சுகளை நசுக்கி வெல்லத் தண்ணீரில் கலந்து பித்தளைச் சொம்பில் வைத்துவிட்டுத் தொழப் போனார். நோன்பு முடிந்த மறுவாரம் அது. வெயிலில் வந்த மாமனார் பானகம் என்று எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். வீடே அலறியது. மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. "நாலு நாள்ல பச்சைப் பசேல்னு ஆயிடுவாருன்னு பார்த்தேன். அதே கறுப்புத்தான்" என்று ஹபீபுல்லா வருத்தப்படுவார்.

இப்படித் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறவரை மற்றவர்கள் கேலி செய்வது கடினம். அதற்காகத்தான் அவர் முந்திக்கொள்கிறாரோ என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தக் கேலி ஒரே ஒரு தடவை அவருக்குக் கை கொடுக்கவில்லை. அது வெள்ளையம்மாளின் காட்டு விவகாரத்தில்.

வெள்ளையம்மாள் திருவளர்ச்சோலைப் பக்கத்துக்காரி. கணவன் இல்லை. இருந்தது ஒரு ஏக்கர். ஐம்பத்தெட்டில் அவள் மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதம் தங்கியபோது, கொழுந்தன் பிச்சமுத்து தன் பங்கு நிலத்தின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றான். வண்டிக்காரர்கள் வரப்பைத் தாண்டி அவள் பங்கிலும் ஒரு முழ ஆழத்துக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த வெள்ளையம்மாளுக்குப் பள்ளமும் வெளுத்த அடிமண்ணும்தான் மிச்சம். உளுந்து விதைத்தாள். மஞ்சள் காமாலை வந்ததுபோல் முளைத்து, சாண் உயரத்தில் நின்றுவிட்டது.

வழியே போன ஹபீபுல்லா சைக்கிளிலிருந்து இறங்கி ஒரு செடியைத் தோண்டினார். வேர் வெறும் நூலாக வந்தது. ஒரு முடிச்சு இல்லை.

"அக்கா, உங்க மண்ணுல அவங்க இல்ல" என்றார்.

வெள்ளையம்மாளின் முகம் வெளிறியது. "யாரு, கருப்பா? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?"

கருப்பண்ணசாமி எங்கும் போகவில்லை, போனது கிருமிதான், மேல்மண்ணோடு சேர்ந்து சூளைக்குள் போய்விட்டது என்று விளக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. "அப்ப செங்கல்லுக்குள்ள இருக்காங்களா?" என்று அவள் கேட்டாள். "வெந்து போயிருப்பாங்க" என்றார். அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டார்.

மாசிப் பட்டத்துக்கு அவள் காட்டிலேயே செயல்விளக்கம் செய்வது என்று ஹபீபுல்லா மேலே எழுதி அனுமதி வாங்கினார். பாதி நிலத்துக்குக் கிருமி கலந்த விதை, பாதிக்குச் சும்மா விதை. கோயம்புத்தூரிலிருந்து கிருமிப் பாட்டில் ஈர மரத்தூளுக்குள் பொதிந்து ரயிலில் வந்தது. வெள்ளிக்கிழமை. ஜங்ஷனில் வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டினார். போகும் வழியில் ஜும்மா. சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். தொழுகை முடிந்து நேராகக் கிளம்பியிருந்தால் ஒன்றுமில்லை. பள்ளிவாசல் சுவரோரம் ஒரு ஜவுளிக் கடைக்காரர், "கேரியர்ல என்ன பாய், அத்தரா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவருக்கு முக்கால் மணி நேரம் பதில் கிடைத்தது. கிருமியின் பெருமை, செடியின் நன்றி, கண் இமைக் கதை, எல்லாம். இதற்குள் வேப்பமர நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. திரும்பி வந்து பாட்டிலைத் தொட்டபோது அது டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். அதிகாரி வரும் தேதி குறித்தாகிவிட்டது. வேறு பாட்டில் வர மாதக்கணக்கு ஆகும். "ஒண்ணு ரெண்டு பேராவது பொழைச்சிருப்பாங்க" என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, அந்தப் பாட்டிலையே கஞ்சியில் கலந்து, விதையில் பிசறி, விதைக்கவும் செய்தார். வெள்ளையம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் போய்ப் பயிரைப் பார்த்தார். அவள் கேட்கும்போதெல்லாம், "வரும் அக்கா, வரும்" என்றார்.

பங்குனியில் அதிகாரியின் ஜீப் வந்தது. முப்பது நாற்பது குடியானவர்கள் கூடியிருந்தார்கள். பாதி நிலம் மஞ்சள். மீதிப் பாதியும் அதே மஞ்சள். பிச்சமுத்து முன்வரிசையில் நின்றான்.

"செத்த மண்ணுக்கு மருந்து வச்சா எந்திரிச்சா உக்காரும்? அண்ணி, பேசாம என்கிட்ட விட்டுடுங்க. இன்னும் ஒரு முழம் வெட்டுனா சூளைக்காவது ஆகும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மண் தகுதியில்லைன்னு எழுதிக்குங்க" என்று ஹபீபுல்லாவிடம் சொன்னார்.

ஹபீபுல்லா பென்சிலை எடுத்து 'மண்' என்று எழுதினார். அப்போது வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, எழுதிக்குங்க. மண்ணே சரியில்லன்னா நான் என்ன பண்ண முடியும்? பிச்சமுத்தே எடுத்துக்கட்டும்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. பென்சில் நின்றுவிட்டது.

"மண்ணு மேல குத்தமில்லீங்க" என்றார் ஹபீபுல்லா. "பாட்டில்ல இருந்தவங்களை நான் கொன்னுட்டேன்."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. ஜும்மா, வேப்பமரம், ஜவுளிக் கடைக்காரர், சுட்ட பாட்டில், எல்லாவற்றையும் சொன்னார். "அவங்க பெருமையைப் பேசிக்கிட்டே அவங்களை வேக வச்சுட்டேங்க. இந்தப் பாதியில போட்டது வெறும் கஞ்சி." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வழக்கம்போல் ஏதோ தமாஷ் செய்கிறார் என்று சிலர் கையைக்கூடத் தட்டினார்கள். அதிகாரியும் வெள்ளையம்மாளும் மட்டும் சிரிக்கவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஹபீபுல்லா எழுதிய பதில் டிப்போவில் இன்றும் பேசப்படுகிறது. 'பாட்டில் வெயிலில் இருந்தது. நான் நிழலில் இருந்தேன். இதற்கு மேல் விளக்கம் இல்லை.' அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய உத்தியோக உயர்வு அவருக்குப் பின் சேர்ந்தவருக்குப் போயிற்று.

மெமோவுக்கு முன்பே வெள்ளையம்மாள் வந்துவிட்டாள். ஜீப் வந்த மறுநாள் காலையே டிப்போ வாசலில் நின்றாள். ஹபீபுல்லா எழுந்து, "வாங்க அக்கா, கொலைகாரனைப் பார்க்க வந்தீங்களா?" என்றார்.

"வேடிக்கை பேசாதீங்க பாய். வெந்து போனதுக்கு நான் கோவிக்கல. சோறு வைக்கிற நானே ஆயிரம் தடவை அடிபுடிக்க விட்டிருக்கேன். முப்பது நாளு தினம் வந்து, என் மூஞ்சியைப் பார்த்து, வரும் வரும்னு சொன்னீங்களே. ராவு பகலா நான் நம்புனேன். அதுக்குத்தான் வந்தேன்."

ஹபீபுல்லா வாயைத் திறந்தார். எப்போதும் தயாராக இருக்கும் ஒரு வரி அன்று வரவில்லை. விதை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவள் வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள்.

"நீங்க ரோட்டோரமா தோண்டித் தோண்டிப் பார்ப்பீங்களே, கொழிஞ்சி. அதுல இருக்கிறவங்க உசுரோடதானே இருக்காங்க?"

"இருக்காங்க."

"அவங்க உளுந்துல வந்து குடியிருக்க மாட்டாங்களா?"

ஹபீபுல்லா நிமிர்ந்து பார்த்தார். ஏழெட்டு வருஷமாக நூற்றுக்கணக்கான முடிச்சுகளை அறுத்துப் பார்த்தவர் அவர். கொழிஞ்சிக்கும் உளுந்துக்கும் ஒரே வகைக் கிருமி ஒத்துப்போகும் என்று பயிற்சி நோட்டில் அவரே எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

"வருவாங்க அக்கா. சொந்தக்காரங்கதான்" என்றார் மெல்ல. பிறகு, "ஆனா இதுக்கு இலாகா உத்தரவு கெடையாது" என்றார்.

"என் காட்டுக்கு நான் உத்தரவு கொடுக்கிறேன்."

ஆடிப் பட்டத்தின்போது, திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தில் வந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். கேரியரில் ஈரச் சாக்கு மூட்டை. அதற்கு மேலே மூங்கில் குச்சியில் கட்டிய விரித்த குடை. குடைக்கு வெளியே, மொட்டை வெயிலில், வியர்வை வழிய அவர். பஸ்ஸிலிருந்து ஒரு கண்டக்டர், "பாய், குடை மாறிப் போச்சு!" என்று கத்தினார். "இல்லீங்க, இப்பத்தான் சரியான ஆளுக்குப் புடிச்சிருக்கேன்" என்றார் ஹபீபுல்லா.

மூட்டையில் ரயில் சரிவுக் கொழிஞ்சியின் வேர்களும், அந்த வேரடி மண்ணும். வெள்ளையம்மாளின் மாட்டுக் கொட்டகை நிழலில் முடிச்சுகளைக் கிள்ளி அம்மியில் நசுக்கினார்கள். ஆறின கஞ்சியில் கலந்து விதையில் பிசறினார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகே விதைத்தார்கள். வேரடி மண்ணை அவள் சாணத்தோடு சேர்த்துக் காடு முழுக்க இறைத்தாள்.

அதன் பிறகு ஹபீபுல்லா அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். பயிரைப் பார்த்தால் வாய் தானாக 'வரும்' என்று சொல்லிவிடுமோ என்று பயம். சுற்றுவழியில் போனார். இருபத்தெட்டாம் நாள் சாலையில் அவரைப் பிடித்துவிட்டாள் வெள்ளையம்மாள். கையில் வேரோடு ஒரு உளுந்துச் செடி. பிளேடு இல்லை. நகத்தாலேயே ஒரு முடிச்சைப் பிளந்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"செவப்பா இருக்கு பாய்! நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன். வந்துட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

விளைச்சல் பெரிய அதிசயமாகிவிடவில்லை. பக்கத்து நல்ல நிலத்தில் விளைந்ததில் பாதிக்கு மேல் கொஞ்சம். ஆனால் பயிர் பச்சையாக நின்றது. 'செத்த மண்' என்ற பேச்சு நின்றது. வெள்ளையம்மாள் நிலத்தை யாருக்கும் விடவில்லை. இதைப் பற்றிக் கேட்டால் ஹபீபுல்லா, "அந்த வருஷம் மழை நல்லா பேஞ்சுது. அந்தம்மா சாணி வேற போட்டிருந்தாங்க. கிருமி பங்கு எவ்வளவுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். என் பங்கு எனக்குத் தெரியும், குடை புடிச்சது" என்கிறார்.

இந்த ஆனி மாதம் நடந்தது இது. வெள்ளையம்மாளின் வரப்பில் ஹபீபுல்லா உட்கார்ந்திருந்தபோது, பிச்சமுத்து ஒரு வெற்றுக் கூடையோடு வந்து நின்றான். அவன் பங்கு இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். பிறகு, "அண்ணி, ஒரு கூடை மண்ணு வேணும். என் காட்டுல தூவிப் பார்க்கிறேன்" என்றான்.

வெள்ளையம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மண்ணு வேணுமா? கேட்டு எடுக்கக்கூட உனக்குத் தெரியுமா?" என்றாள். அவன் தலை குனிந்தது. அவளே மண்வெட்டியை எடுத்து, தான் போன பட்டத்தில் உளுந்து பிடுங்கிய இடமாகப் பார்த்து வெட்டி, கூடை நிறைய அள்ளிப் போட்டாள். போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஈர மண். கனம். பிச்சமுத்து தனியாகத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தான். ஹபீபுல்லா எழுந்தார். அவன் தலையில் சரிந்திருந்த சும்மாட்டை நேராக்கி வைத்து, குனிந்து ஒரு பக்கம் கை கொடுத்து, கூடையைத் தூக்கி ஏற்றிவிட்டார்.